படகுக்குப் போன எஞ்சின்

என் புருஷன் லாப் குடித்தால் பாடமாட்டார், சண்டை போடமாட்டார், சத்தியம் செய்வார். எங்கள் மகள் துவாவின் நிச்சயதார்த்தத்தன்று சம்பந்திகள் வெற்றிலை பாக்குத் தட்டை இறக்கி வைத்த கையோடு, அரிசிச் சாராயம் இரண்டு கிண்ணம் உள்ளே போயிற்று. உடனே முன்னோர் மாடத்தில் ஊதுபத்தி ஏற்றி, "எம் பொண்ணு நம்ம காருலதான் புருஷன் வீட்டுக்குப் போவா" என்று கும்பிட்டுவிட்டார். செத்தவர்கள் முன்னால் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது.

அந்தக் காரில் எஞ்சின் இல்லை என்பது செத்தவர்களுக்கும் தெரியும்.

அது ஒரு பச்சை செவர்லே. பாலம் கட்ட வந்திருந்த அமெரிக்கர், போர் முடிந்து சைகோன் விழுந்த சமயத்தில் ஹெலிகாப்டரைப் பிடிக்க ஓடும்போது, தன் டிரைவரான இவர் கையில் சாவியைத் திணித்துவிட்டுப் போனார். பிறகு வந்த பஞ்சத்தில் என் தம்பி கியெம் அதன் எஞ்சினைக் கழற்றித் தன் நெல் படகில் பொருத்தினான். அந்தப் படகு ஓடியதால்தான் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது. காருக்குள் என் கோழிகள் முட்டையிட்டன. இவர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அதைத் துடைத்து, அதற்கும் ஊதுபத்தி காட்டினார். என்னை ஒரு நாளாவது அப்படிக் கவனித்திருப்பாரா?

சத்தியத்தைக் கேட்ட சம்பந்தியம்மா வாயில் கைவைத்துச் சிரித்தாள்.

"பாலத்து வழியாத் தள்ளிக்கிட்டே வருவீங்களா சம்பந்தி? ஆத்துக்கு அந்தப் பக்கம் எங்க கரையில பொணப்பெட்டி ஏத்துன வண்டியத்தான் தள்ளிட்டு வருவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். துவா சிரிக்கவில்லை. சிறு வயதில் அவள் அந்தக் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். இவர் முன்னால் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பியபடி வாயாலேயே எஞ்சின் சத்தம் போடுவார். அவளுக்குத் தெரிந்த சவாரி அது ஒன்றுதான்.

மறுநாள் இவர் கியெமிடம் போனார். சண்டை வருமென்று தெரிந்து நானும் பின்னாலேயே போனேன்.

"கல்யாணத்துக்கு மட்டும் கழட்டிக் குடுடா. திருப்பித் தந்துர்றேன்."

"மச்சான், இது அறுப்பு நேரம். கழட்டி, மறுபடி மாட்டி முடிக்கிறதுக்குள்ள ஊரு நெல்லு கரையிலயே முளைச்சுரும். அதோட, இது முகப்புல கண்ணு வரைஞ்ச படகு, உசுரு உள்ளது. நெஞ்சப் புடுங்கிட்டு அதும் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"அது என் எஞ்சின்டா."

"உங்க எஞ்சின்தான். இல்லன்னு சொன்னேனா? ஆனா படகு என்னுது."

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. கல்யாணம் நெருங்க நெருங்க இவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். ஒரு மாலை காருக்குள் துவா அழுவதைப் பார்த்தேன். கார் இல்லாமல் போவது அவளுக்குப் பெரிதில்லை, அப்பா தலை குனிவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரையும் கியெமையும் படித்துறைக்கு இழுத்து வந்து நிறுத்தினேன்.

"ஏங்க, மாடத்துல காருல போவான்னுதான சொன்னீங்க? தரையிலதான் போவான்னு சொன்னீங்களா? டேய் கியெம், எஞ்சின் கார்கிட்ட வராட்டி, காரு எஞ்சின்கிட்ட வரட்டும். உம் படகுல இடம் இருக்குல்ல?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பலகை ரெண்டு வேணும்" என்றான் கியெம். அதற்குமேல் எனக்கு வேலையில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நீர் ஏறியிருந்த நேரம் பார்த்து, கோழிகளை விரட்டிவிட்டு, ஊரே சேர்ந்து காரைத் தள்ளிப் படகில் ஏற்றியது. மணப்பெண் ஏறுவதற்கு முன் தள்ளினால் அபசகுனம் இல்லையாம். அதையும் நான்தான் சொன்னேன்.

காலையில் துவா சிவப்பு உடையில் பின் சீட்டில், மாப்பிள்ளை பக்கத்தில். இவர் தன் ஒரே கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் சும்மா உட்கார்ந்தார். கியெம் பின்னால் சுக்கானைப் பிடித்தபடி குரல் கொடுத்தான்.

"மச்சான், ஆக்சிலேட்டர மிதிங்க."

"எதுக்குடா? கேலி பண்றியா?"

"மிதிங்கன்னா."

இவர் மிதித்தார். பலகைக்கு அடியில் எஞ்சின் உறுமியது. இவர் பயந்து காலை எடுக்க, அது அடங்கியது. மறுபடி மிதிக்க, மறுபடி உறுமியது. யாருக்கும் சொல்லாமல் கியெம் எஞ்சினிலிருந்து ஒரு கம்பியை இழுத்து வந்து காரின் பெடலில் கட்டியிருந்தான். இவர் திரும்பி அவனைப் பார்த்தார்.

துவா முன்னால் குனிந்து அவர் தோளைத் தொட்டாள்.

"அப்பா, இப்ப வாயால சத்தம் போட வேணாம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெடலை அழுத்தினார். படகு கரையைவிட்டு நகர்ந்தது. பெண்ணைப் பெற்றவள் ஊர்வலத்தோடு போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம், அதனால் நான் படித்துறையில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். சந்தோஷத்தில்தான். எதிர்க்கரையில் சம்பந்தியம்மா குடையைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது தெரிந்தது. ஆற்று நடுவில் பச்சை செவர்லே சிறுத்துக்கொண்டே போயிற்று. கியெம் அதற்கும் ஒரு கம்பி இழுத்திருப்பான் போல, இவர் அங்கிருந்து ஹாரன் அடித்தார். நானும் கையை ஆட்டினேன்.