இடது பக்கம் உட்கார்ந்தவர்கள்

அந்தக் காரை விற்றே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான்தான். இவருக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. இவர் என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரை. எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. எனக்கு இவர், இவருக்கு நான், அவ்வளவுதான். அந்த இரண்டு பேருக்கு நடுவில் ஒரு பாழாய்ப்போன சவத்து வண்டி வந்து உட்கார்ந்துகொண்டால் எந்தப் பெண்பிள்ளை சும்மா இருப்பாள்?

குலசேகரத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரனின் ரப்பர் தோட்டத்தில் இவர் டிரைவராக இருந்தார். சுதந்திரம் வந்து துரை கப்பலேறிப் போனதும் வேலையும் போயிற்று. இனி எவனுக்கும் கைகட்டி நிற்க மாட்டேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, சேர்த்து வைத்ததையெல்லாம் துடைத்து எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய் அந்த வண்டியை வாங்கி வந்தார். யுத்த காலத்தில் கொழும்பில் வந்து இறங்கிய அமெரிக்கக் கார். கரும்பச்சை நிறம். முன்சீட்டு கட்டில் மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரே நீளம். முன்னால் யார் வைத்திருந்தார்கள், ஏன் விற்றார்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் கேட்டா வெல கூடும்டி" என்றார். என்ன சாமர்த்தியம்!

அமெரிக்கக்காரன் வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். நம் சாலையில் ஒரு மாட்டு வண்டியை முந்த நினைத்தால் எதிரே வருவது தெரியாது. அதனால் எங்கள் வடசேரியிலேயே ஒரு பட்டறையில் போட்டு, ஸ்டியரிங்கையும் மிதிகட்டைகளையும் கழற்றி வலது பக்கம் கொண்டு வந்தார்கள். இடது பக்கத் தரையில் மிச்சம் இருந்த ஓட்டைகளைத் தகரம் வைத்து அடைத்து, மேலே ஒரு கயிற்று மிதியடியைப் போட்டார்கள். வேகம் காட்டும் முள்ளை மட்டும் மாற்ற முடியவில்லை. அது இடது பக்கத்திலேயே இருந்துவிட்டது. எல்லாவற்றையும் மாற்றினார்கள், அங்கே உட்கார்ந்து ஓட்டியவனை யாரும் மாற்றவில்லை. அன்றைக்கு இதை நான் சொல்லியிருந்தால் எனக்குத்தான் பேய் பிடித்திருக்கிறது என்பார்கள்.

முதல் தடவை நான் அந்த வண்டியில் ஏறியது ஒரு கல்யாணத்துக்குப் போக. பட்டுப்புடவை கட்டி, ராணி மாதிரி இவர் பக்கத்தில் இடது புறம் உட்கார்ந்தேன். சுசீந்திரம் பாலம் தாண்டி வண்டி நல்ல வேகத்தில் போகிறது. திடீரென்று என் வலது கால் மிதியடியை ஓங்கி மிதித்தது. நான் மிதிக்கவில்லை, கால் மிதித்தது. வண்டி கிறீச்சிட்டு நின்றது. நின்ற பிறகுதான் வைக்கோல் படப்புக்குப் பின்னாலிருந்து ஒரு எருமை சாலைக்கு ஏறி வந்தது.

"ஏட்டி, நீ என்னத்தச் சவுட்டுன?" என்றார் இவர். முகம் வெளுத்திருந்தது.

"நான் என்னத்தச் சவுட்ட? இங்கன சவுட்டுததுக்கு என்ன இருக்கு?"

"நான் பிரேக்குல காலே வைக்கல."

இரண்டு பேரும் அந்த மிதியடியைப் பார்த்தோம். தகரத்தின் மேல் கிடக்கும் வெறும் கயிறு. கல்யாண வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதன் பிறகு வெகு நாள் நான் பின்சீட்டைத் தவிர வேறு எங்கும் உட்காரவில்லை.

நான் பயந்தேன் என்றால் நியாயம். இவருக்கோ அது பிடித்துப்போனது! கன்னியாகுமரிக்கு வருகிற யாத்திரைக்காரர்களை ஏற்றி இறக்குவதுதான் இவர் பிழைப்பு. ஒரு நாள் சும்மா கூடப் போனேன். வளைவு ஒன்று வருகிறது. இவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து நிதானமாகப் பீடி பற்ற வைக்கிறார். ஸ்டியரிங் தானாக வளைந்து, தானாக நிமிர்ந்தது. தோட்டத்தில் இருந்தபோது ஒரு கோழி குறுக்கே ஓடினால்கூட இறங்கிப் பார்க்கிற மனிதர் இவர்.

"ஏசப்பா! கையப் புடியுங்க, கையப் புடியுங்க!" என்று கத்தினேன்.

"சும்மா கெட. அவருக்கு ரோடு தெரியும்."

"எவருக்கு?"

இடது பக்கம் கண்ணைக் காட்டினார். அந்தச் சீட்டில் ஒருவர் உட்கார்ந்து எழுந்த பள்ளம் இருந்தது. அன்றைக்கு அதில் யாரும் உட்காரவில்லை.

பிறகு சவாரி இல்லாத நாளிலும் இவர் முற்றத்தில் நிற்கும் காரில் போய் இடது பக்கம் உட்கார ஆரம்பித்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டால் திரும்பிப் பார்ப்பார். தெரியாத ஊரில் யாரோ வழி கேட்டதுபோல ஒரு பார்வை. அப்புறம் மெதுவாக, "நேசம்மா" என்பார். என் பெயரை எங்கிருந்தோ தேடி எடுத்து வருகிற மாதிரி இருக்கும். வண்டி இங்கே நின்றால் இந்த மனிதர் எனக்கு இல்லை என்று தெரிந்துவிட்டது. அழுதேன், பட்டினி கிடந்தேன், கிணற்றில் விழுவேன் என்றேன். கடைசியில், "சரி, வித்துத் தொல" என்றார்.

விற்பது என்ன லேசா? ஐம்பத்தைந்தாம் வருஷம் அது. நல்லமிளகு விலை விழுந்து கிடந்தது. போதாக்குறைக்கு நம் தாலுகாக்கள் மதராஸோடு சேருமா, திருவிதாங்கூர்-கொச்சியோடு இருக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. எந்த சர்க்காருக்கு வரி கட்டுவது, எந்த ஊர் நம்பர் எழுதுவது என்று தெரியாமல் எவன் கார் வாங்குவான்? தரகர் ரசலையன் வரும்போதெல்லாம், "சந்தை மந்தம்க்கா, சந்தை மந்தம்" என்று என் கையால் காப்பியை வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்.

அப்படியும் இரண்டு பேர் வந்தார்கள். திற்பரப்பிலிருந்து முத்துநாயகம் என்று ஒரு ரப்பர் வியாபாரி. கார் வாங்க வருகிறவன் எங்கே உட்காருவான்? டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துதானே ஓடுவதைப் பார்ப்பான்? உட்கார்ந்தார். ஒரு சுற்றுப் போய் வந்ததும் வண்டி நிற்பதற்குள் இறங்கி, வலது காலை உதறிக்கொண்டே நின்றார்.

"வண்டி கொள்ளாம், நல்ல வண்டிதான். எனக்கு வேண்டாம்" என்றார்.

"ஏன், என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே தெருமுனை தாண்டிவிட்டார். அடுத்து வந்தவர் கன்னியாகுமரியில் லாட்ஜ் வைத்திருக்கும் வேளாங்கண்ணி. அவர் எதையோ பிடித்தவாக்கில் விரல்களை மடக்கிக்கொண்டே இறங்கினார். விரல் நிமிரவில்லை. நான் கொடுத்த தண்ணீர்ச் செம்பை இரண்டு மணிக்கட்டாலும் இடுக்கிக் குடித்துவிட்டு, என்னை ஏறிட்டும் பார்க்காமல் போனார்.

சந்தை மந்தமாவது மண்ணாங்கட்டியாவது! வாங்க வருகிறவனைக் கொண்டு போய் அந்த இடது பக்கத்துக்காரன் மடியில் உட்கார வைத்தால் எப்படி விற்கும்? அடுத்த ஆளை அந்த இடத்தில் உட்கார விடக் கூடாது. அதற்கு ஒரே வழி, நான் உட்கார வேண்டும்.

கொட்டாரத்திலிருந்து தாணுலிங்கம் வந்தார். நெல் வியாபாரம், நல்ல வசதி. நெற்றியில் நாமமும் தலைப்பாகையுமாக, பார்த்தாலே வைகுண்டசாமியைக் கும்பிடும் அய்யா வழிக்காரர் என்று தெரியும். மனைவி பகவதியம்மாளும் கூட வந்திருந்தாள். அவளுக்கு மூட்டு வலி. ஞாயிற்றுக்கிழமை தோறும் சாமித்தோப்பில் அவர்கள் கோயிலான பதிக்கு அவளைக் கூட்டிப் போக வேண்டுமாம், அதற்குத்தான் கார்.

அவர் முன்கதவில் கை வைத்தார். நான் பாய்ந்து போய், "முதலாளிமாரு பின்னால உக்காந்தாத்தான் அழகு. நான் சுசீந்திரம் வரைக்கும் வாறேன், ஒரு ஆளப் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இடது பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு முதலாளி என்றது பிடித்துவிட்டது. இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, ஆண்டவரே, இந்த ஒரு தடவை என்று கண்ணை மூடினேன்.

வண்டி கிளம்பியதும் முழங்காலுக்குள் கிணற்றுத் தண்ணீர் இறங்கியது மாதிரி குளிர்ந்தது. என் கால் எழும்பப் பார்த்தது. விட மாட்டேன் என்று அழுத்திப் பிடித்தேன். வண்டி துள்ளித் துள்ளி இழுத்தது. பின்னால் பகவதியம்மாள், "அய்யா! என்ன இது, மேலெல்லாம் நோவுது" என்று முனகினாள். தாணுலிங்கம் தொண்டையைச் செருமினார். இன்னும் கொஞ்சம் போனால் இறங்கிவிடுவார் என்று தெரிந்தது. இந்த ஆளும் போனால் அடுத்த ஆள் எப்போது வருவான்? அதற்குள் என் மனிதர் என்ன ஆவார்?

பிடித்த பிடியை விட்டேன். எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் அந்த வண்டி போன போக்கை என்னவென்று சொல்ல! என் கால்கள் மிதித்தன, விட்டன. முந்தானைக்குள் என் கைகள் எதையோ வளைத்துப் பிடித்துத் திருப்பின. நான் திருப்பிய பக்கமெல்லாம் வலது பக்கத்து ஸ்டியரிங் திரும்பியது. இவர் கை மடியில் கிடந்தது. வேக முள் என் கண்ணுக்கு நேரே ஏறுகிறது. பள்ளம் எங்கே, மேடு எங்கே, எதிரே வரும் பஸ் எந்தப் பக்கம் ஒதுங்கும், எல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரிகிறது. சைக்கிள்கூட விட்டதில்லை நான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாக இருந்தது. சுசீந்திரத்தில் இறங்க வேண்டும் என்றே தோன்றவில்லை. பயணத்தில் பாதி தூரம் நான் யார் வீட்டுக்காரி, எந்த ஊர் என்று எனக்கு நினைவே இல்லை.

வடசேரியில் வீட்டு முன் வண்டி நின்றது. தாணுலிங்கம் இறங்கி வந்து இவர் முதுகில் தட்டினார்.

"என்ன கையி டே இது! அலுங்கல, குலுங்கல. இவ வீட்டுல உக்காந்தாக்கூட இப்படி சொகமா இருந்தது இல்ல, மூட்டு வலியே தெரியலங்கா. வண்டி எனக்குத்தான்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கர்த்தாவே, பிழைத்தேன் என்று நினைத்தேன்.

"ஆனா ஒண்ணு" என்றார் அவர். "ஆனைய வாங்குதவன் பாகன விட்டுட்டா போவான்? டிரைவரும் எங்கூட வரணும். தங்க எடம் உண்டு, சாப்பாடு உண்டு."

"அவரு வரமாட்டாரு" என்றேன், யாரும் வாய் திறப்பதற்குள்.

"வாறேன் முதலாளி" என்றார் இவர். இனி எவனுக்கும் கைகட்டி நிற்க மாட்டேன் என்ற மனிதர் கைகட்டித்தான் நின்றார்.

"இவருக்கு ஒழுங்கா ஓட்டத் தெரியாது!" என்று கத்தினேன்.

"நான் கூடவேல்லா வந்தேன், தாயீ?"

"அது இவரு ஓட்டல."

"பின்ன யாரு? நீயா ஓட்டுன?"

"ஆமா. நான்தான் ஓட்டுனேன்."

தாணுலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். பகவதியம்மாள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "புருசன விட்டுட்டு இருக்க முடியாதுன்னு சொல்லேன், இதுல என்ன வெக்கம்?" என்று என் கன்னத்தைத் தடவினாள். ஞாயிற்றுக்கிழமை பதிக்குப் போக வேண்டுமாதலால் அன்றைக்கு மட்டும் லீவு கிடையாது, மற்ற நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். எங்கள் வேதக் கோயிலுக்குக்கூட இனி இவர் என்னோடு வர முடியாது. நான் மட்டும் மோசமாக ஓட விட்டிருந்தால் தாணுலிங்கம் டிரைவர் வேண்டாம் என்றிருப்பார். வண்டியும் வேண்டாம் என்றிருப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு அடிதான்.

அவர்கள் பஸ் ஏறிப் போனார்கள். வண்டியை மறுநாள் காலை கொட்டாரத்தில் கொண்டு விட வேண்டும். அன்று முழுக்க இவரோடு சண்டை போட்டேன். இவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. சண்டை போடுகிற புருஷனாக இருந்தாலாவது மனசுக்கு ஆறுதலாக இருக்கும்.

காலையில் வேஷ்டி, சட்டை, பைபிள் எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். இட்லியைத் தொடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வலது பக்கக் கதவைத் திறந்தார். அப்பாடா, ஒழுங்காகத்தான் ஏறுகிறார் என்று எனக்கு மூச்சு வந்தது. இவர் பெட்டியை ஸ்டியரிங்குக்கு முன்னால் சீட்டில் வைத்தார். கதவைச் சாத்தினார். முன்பக்கமாகச் சுற்றி வந்து இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

"இஞ்சேருங்க, என்ன வெளையாட்டு இது?" என்றேன்.

எஞ்சின் உறுமியது. நான் ஓடிப்போய்த் தெருவில் வண்டிக்கு முன்னால் நின்று கையை விரித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இவர் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி, ஒன்றுமில்லாததைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பார்வை எனக்குப் பின்னால் நீண்டு கிடந்த சாலையில் இருந்தது. இஞ்சேருங்க, இஞ்சேருங்க என்று எத்தனை தடவை கூப்பிட்டேனோ தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட என் வாயால் சொல்லாத பெயரை, அக்கம்பக்கத்தார் எல்லாரும் கேட்க, அன்றைக்குக் கூவினேன்.

"ஜெபதாஸ்!"

கண்கள் சாலையிலிருந்து என் மேல் இறங்கின. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்ததுபோல ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை.

ஸ்டியரிங் பக்கம் அந்தத் தகரப் பெட்டி மட்டும்தான் இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஹார்ன் அடித்தது, சாலையில் நிற்கிற எவளோ ஒருத்தியை விலகச் சொல்லி.

நான் விலகி வழி விட்டேன்.