கடைசி பெஞ்சில் மூன்று மாதம்

சபையின் சமையலறை மேசையில் பத்தொன்பது சாப்பாட்டுப் பெட்டிகளை வரிசையாகத் திறந்து வைத்து, தேங்காய்ப்பாலில் வெந்த பயறுச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். சபைக் காரியங்களைப் பார்க்கிற டீக்கன் பெர்ட்ரம் தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வந்தார். அவர் தொப்பியைக் கழற்றினால் ஒன்று யாராவது செத்திருக்க வேண்டும், இல்லை என்னிடம் ஏதாவது காரியம் ஆக வேண்டும்.

"இருபதா ஆக்கிடு, ஆர்டீன்."

"யாரு புதுசா படுத்தது?"

"மிஸ் ஐசில்டா. பக்கவாதம் வந்து நாலு மாசமாச்சு, வலது பக்கம் மொத்தமா போச்சு. நம்ம சபைக்கே திரும்பி வரணும்னு கடுதாசி குடுத்திருக்காங்க."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. படுக்கையில் விழுந்தவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிற ஊழியத்தைப் பதினொரு வருடமாக நடத்துகிறவள் நான். ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் சிரித்துக்கொண்டுதான் இறங்குவேன். ஆனால் ஊரே மரியாதைக்கு 'மிஸ்' போட்டுக் கூப்பிடும் ஐசில்டா பிராம்வெல் விழுந்தாள் என்று கேட்டதும் என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டது. கோழித் துண்டை எடுத்து வைக்கும்போது நான் முணுமுணுத்தது ஸ்தோத்திரப் பாட்டு என்று டீக்கன் நினைத்திருப்பார்.

முப்பத்து நான்கு வருடத்துக்கு முன், எனக்குப் பதினெட்டு வயது, வயிற்றில் ஐந்து மாதம். ஞாயிறு மாலை ஆராதனை முடிந்ததும் உறுப்பினர் கூட்டம் போட்டார்கள். எங்கள் பாப்டிஸ்ட் சபையில் ஜன்னலுக்கு என்ன வர்ணம் அடிப்பது என்பதுகூடக் கை தூக்கித்தான் முடிவாகும். பாடகர் குழுத் தலைவியான ஐசில்டா எழுந்து, "இந்தப் பொண்ணு பேரைச் சபைப் புத்தகத்துலேருந்து எடுக்கணும்னு முன்மொழியறேன்" என்றாள். பிள்ளைக்கு அப்பன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்கத் தேவையே இல்லை. முந்தின வாரம்தான் அவள் வீட்டுக்குப் போய், அவள் மகன் லென்வொர்த் பெயரைச் சொல்லி அழுதிருந்தேன். எலுமிச்சை சர்பத் கொடுத்து, முதுகைத் தடவி, "நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைத்தாள். இப்படித்தான் பார்த்துக்கொண்டாள். கைகள் உயர்ந்தன. பாடகர் வரிசையில் மூன்றாவதாக நின்ற லென்வொர்த்தின் கையும் உயர்ந்தது. இரண்டு மாதத்தில் அவன் கனடாவுக்கு ஆப்பிள் பறிக்கப் போனான், போனவன் போனவன்தான்.

கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளையை அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை சபை முன் தூக்கி ஆசீர்வதிக்க மாட்டார்கள். என் மகள் ரோமெய்னுக்குப் புதன்கிழமை மத்தியானம்தான் நாள் கிடைத்தது. காலி பெஞ்சுகளின் முன்னால் என் அம்மாவும் நானும், கையில் விளக்குமாற்றோடு ஓரமாக நின்ற காவல்காரரும் மட்டும். பாஸ்டர் வாட்சைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தார். அதன் பிறகு சபைச் சட்டப்படி மூன்று மாதம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மாதத்தின் முதல் ஞாயிறுகளில், ரொட்டியும் திராட்சரசமும் பகிரும் கர்த்தருடைய பந்தி நடக்கும்போது ரொட்டித் தட்டு என் மடிக்கு மேலே கடந்து அடுத்த ஆளுக்குப் போகும். மூன்று மாதம் முடிந்த நாளில் என்னை முன்னால் நிறுத்தினார்கள். சபையார் எல்லோரும் வரிசையாக வந்து திரும்பச் சேர்த்துக்கொண்டதற்கு அடையாளமாக ஐக்கியத்தின் வலது கையைக் கொடுத்தார்கள். கடைசி ஆள் கை கொடுக்கும்வரை பாட்டு நிற்கக் கூடாது என்பது வழக்கம். கடைசியாக வந்தவள் ஐசில்டா. அவள் வலது கையில், சவ அடக்கக் கம்பெனி இலவசமாகத் தருகிற அட்டை விசிறி இருந்தது. அதை அவள் இடது கைக்கு மாற்றவில்லை. நீட்டிய என் கையைப் பார்த்தாள், முகத்துக்கு ஒரு தடவை விசிறிக்கொண்டாள், "கர்த்தர் ஆசீர்வதிப்பார்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

ஏம்மா அந்தச் சபையை விட்டுத் தொலையவில்லை என்று ரோமெய்ன் இன்னமும் கேட்பாள். மான்டிகோ பே நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். நான் போனால் ஐசில்டா ஜெயித்துவிடுவாளே! அதனால் நான் இருந்தேன். கடைசியில் எட்டு வருடத்துக்கு முன் ஐசில்டாதான் போனாள். புதுப் பாஸ்டர் ட்ரம்ஸ் கொண்டுவந்தார் என்று கோபித்துக்கொண்டு கீழ்த்தெரு சபைக்கு மாறினாள். இப்போது திரும்பி வரத் துடிப்பது எதற்கு என்றும் எனக்குத் தெரியும். அவள் புருஷனின் கல்லறை எங்கள் சபை வளாகத்தில் மாமரத்தடியில் இருக்கிறது, பக்கத்தில் அவளுக்கும் இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அங்கே புதைக்க வேண்டுமானால் புத்தகத்தில் பேர் இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் பாஸ்டர் கிளீவன் கடிதத்தை வாசித்தார். "வயசானவங்க, முடியாதவங்க. இன்னைக்கே சேத்துக்கலாமில்ல?" என்று சிரித்த முகத்தோடு கேட்டார். கைகள் பாதி உயரும்போது நான் எழுந்தேன். என் பையில் சபையின் சட்டப் புத்தகம் இருந்தது.

"பாஸ்டர், விலக்கப்பட்டவங்களும் சரி, விலகிப் போய்த் திரும்புறவங்களும் சரி, மூணு மாசம் கடைசி பெஞ்சுல உக்காரணும், பந்தியில சேரக் கூடாதுன்னு இருக்கு."

"சிஸ்டர், அதெல்லாம் அந்தக் காலம். இப்ப யாரு அதைப் பண்றா?"

"வேணாம்னு என்னைக்குக் கை தூக்குனோம்? எந்தக் கூட்டத்துல? தேதி சொல்லுங்க, நான் உக்காந்துக்கறேன்."

அந்தச் சட்டம் தானாக உதிர்ந்து போயிற்று என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். எங்களிடம் எதுவும் தானாக உதிராது. நான் முன்மொழிந்தேன். வழிமொழிய ஆள் வராதோ என்று ஒரு நிமிடம் பயந்தேன். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே இரண்டு பெண்கள் கை தூக்கினார்கள். அவர்களும் ஒரு காலத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பிறகு தயங்கித் தயங்கி மற்றவர்கள். தீர்மானம் நிறைவேறியது.

வாசலில் டீக்கன் பெர்ட்ரம் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "சரி, தீர்மானம் உன்னோடது. வேனும் உன் ஊழியத்தோடது. அந்தம்மாவை ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தூக்கிட்டு வர்றதும் நீதான். எங்க யார் முதுகும் அதுக்கு வளையாது."

சேதியைச் சொல்ல நானே போனேன். அவள் அழுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. தலையணைகளுக்கு நடுவில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். முகத்தின் வலது பாதி தொங்கியிருந்தது. சொல்லி முடித்ததும் இடது பாதி சிரித்தது.

"அந்தச் சட்டம்... எழுதுனது என் மாமனார்" என்றாள், ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து இழுத்து. "ஒழுங்கா செய். பாதியில விடாத." பிறகு நான் கொண்டுபோன பெட்டியைப் பார்த்தாள். "சோத்துல உப்பு இல்ல."

"டாக்டர் சொல்லி உங்களுக்கு உப்பு குறைச்சிருக்கு, மிஸ் ஐசி."

"டாக்டரா திங்கிறான்?"

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போவேன். துடைத்துவிட்டு, துணி மாற்றி, நரைத்த தலையைப் பின்னி, தொப்பி வைக்க வேண்டும். எந்தத் தொப்பி என்று அவள்தான் சொல்லுவாள், நான் எடுப்பது ஒன்றும் சரியாக இருக்காது. பிறகு என் தோளில் அவள் கையைப் போட்டுச் சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து வேனுக்கு. என்னுடைய பழி இவ்வளவு கனக்கும் என்று நான் நினைக்கவில்லை. சபையில் இன்னொரு ஏமாற்றம் காத்திருந்தது. கடைசி பெஞ்சு இப்போது அவமானத்துக்குரிய இடமே இல்லை. மின்விசிறி அங்கேதான் நேரே வீசுகிறது, வாசல் பக்கத்தில் இருக்கிறது, இடம் கிடைக்காதா என்று சனங்கள் அடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் திரும்பிப் பார்த்து அவளுக்குக் கை அசைத்தார்கள். போதாததற்கு அவள் தனியாக உட்கார்ந்தால் வலது பக்கம் சரிந்து விழுந்துவிடுவாள், முட்டுக் கொடுக்க ஆள் வேண்டும். முப்பத்து நான்கு வருடம் கழித்து, அதே கடைசி பெஞ்சில், அவளைத் தோளில் தாங்கிக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். முன்னால் இருந்தவர்கள் எங்கள் இருவரையும் சேர்த்துத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு வந்தது. கர்த்தருடைய பந்தி. ரொட்டித் தட்டை டீக்கன் என் கையில் கொடுத்தார். நான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, தட்டை அவள் மடிக்கு மேலே மெதுவாக, மிக மெதுவாகக் கடத்தி அந்தப் பக்கத்து ஆளிடம் கொடுத்தேன். அவள் கண் தட்டோடு போனது. இடது கை மடியிலிருந்து ஒரு விரற்கடை எழும்பித் திரும்பவும் விழுந்தது. அந்த ரொட்டி அன்றைக்கு என் வாயில் இனித்தது. சொல்லக் கூடாது, ஆனால் இனித்தது.

இரண்டாவது மாதத்தில் அவள் உடம்பு இன்னும் இறங்கியது. தண்ணீர்கூடப் புரையேறியது. பாஸ்டர் வேன் பக்கத்தில் வந்து நின்றார். "சிஸ்டர் ஆர்டீன், இந்த மாசம் தாண்டுறது கஷ்டம்னு டாக்டர் சொல்றார். அதுக்குள்ள ஏதாச்சும் ஆயிட்டா மாமரத்தடியில வைக்க முடியாது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா சபையே ஒத்துக்கும். குறைச்சுக்கலாமே?"

"எனக்குக் குறைச்சீங்களா?"

"நான் அப்போ பொறக்கவே இல்லையேம்மா."

"அவங்க பொறந்திருந்தாங்க."

சொல்லிவிட்டு வேனைக் கிளப்பினேன். கண்ணாடியில், பின்னால் உட்கார்ந்திருந்த ஐசில்டா என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. எல்லாம் கேட்டிருக்கிறாள். மலைப்பாதையில் இரண்டு வளைவு தாண்டியதும் வாய் திறந்தாள்.

"அந்தப் புதன்கிழமை... நான் வந்தேன்."

எனக்கு எந்தப் புதன் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்து ஒரே ஒரு புதன்தான்.

"தண்ணித் தொட்டி பக்கம் நின்னேன். ஜன்னல் வழியா... பாத்தேன். புள்ள மஞ்சள் சட்டை போட்டிருந்தது."

மஞ்சள்தான். என் அம்மா தைத்தது. வேனை ஓரத்தில் நிறுத்தினேன். இத்தனை வருடம் அவளை ஒன்றும் தெரியாத கல் என்று நினைத்து வெறுத்தேன், அது சுலபமாக இருந்தது. பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். தன் பேத்தியைப் பார்த்து, சட்டையின் நிறத்தையும் மனதில் வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து என் முன்னால் விசிறியோடு நின்றிருக்கிறாள்.

"உள்ள வர உங்களுக்குக் கால் இல்லையா? அப்ப ரெண்டு காலும் நல்லாத்தானே இருந்தது!"

"இருந்தது" என்றாள்.

மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் முகத்திலேயே திருப்பி எறிந்திருப்பேன், அது அவளுக்கும் தெரிந்திருக்கும். வாயோரம் வழிந்ததை நான் துடைத்துவிட வேண்டியிருந்தது, கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தேன். அந்த மாதப் பந்தியிலும் தட்டு அவள் மடிக்கு மேலே கடந்தது. ரொட்டி வெறும் மாவாக இருந்தது, விழுங்கத் தண்ணீர் தேவைப்பட்டது. அப்படியும் நான் குறைக்கச் சொல்லவில்லை.

அவள் சாகவில்லை. வீம்புக்காகவே சாகவில்லை என்று நினைக்கிறேன். பதின்மூன்றாவது ஞாயிறு வெள்ளை உடுப்பும், புருஷன் அடக்கத்துக்குப் போட்ட அதே வெள்ளைத் தொப்பியும் கேட்டாள். கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் வரைக்கும் நடுவழியில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். பாஸ்டர் பேரைச் சொன்னார். எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. என் கைகள் நாற்காலியின் பிடியில் இருந்தன, யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பாட்டுத் தொடங்கியது. சபையார் வரிசையாக வந்து குனிந்து, மடியில் செத்துக் கிடந்த அவள் வலது கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். சிலர் முத்தமிட்டார்கள். பாஸ்டரும் தொட்டார், டீக்கன் பெர்ட்ரமும் தொட்டார். வரிசை முடிந்தது.

பாட்டு முடியவில்லை. பியானோ வாசிப்பவள் என்னைப் பார்த்துவிட்டுக் கடைசி அடியைத் திரும்ப எடுத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, பாக்கி நான் ஒருத்திதான்.

நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றேன். இடுப்பு உயரத்துக்குக் கீழே அவள், மேலே நான். உட்கார்ந்த இடத்திலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். மடியிலிருந்து அதைத் தூக்கினாள். பாதி வழியில் நழுவி விழுந்தது. திரும்பப் பிடித்தாள். கழுத்து நரம்பு புடைக்க, தொப்பி ஒரு பக்கம் சாய, அந்தக் கையை என் முன்னால் ஏந்திப் பிடித்தாள். விரல்கள் ஐந்தும் கீழே தொங்கின.

பாடகர் குழு கடைசி அடியை மூன்றாம் முறை தொடங்கியது. ஏந்திய இடது கை நடுங்க ஆரம்பித்தது. கீழே வைக்க மறந்து நாற்காலிப் பிடியோடு சேர்த்துப் பிடித்துவந்த ஆராதனைத் தாள் இன்னும் என் வலது கையில் இருந்தது. அதை இடது கைக்கு மாற்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.