கோடித்துணியோடு நின்றவர்கள்

மாமனார் இறந்த அன்று காலை, ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஜெபக்குமார் இரண்டு பேரானான். செத்தவருக்கு மருமகன் போர்த்தவேண்டிய கோடித்துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நின்றவனை, ஷிப்டுக்கு ஆள் இல்லை என்று பேண்டேஜ் மில்லிலிருந்து போனில் கூப்பிட்டார்கள். ஒருவன் பஸ் ஏறினான், இன்னொருவன் மில்லுக்குப் போனான். இருவர் கக்கத்திலும் கோடி இருந்தது. ஏறியவனும் மில் ஞாபகம் வந்து முதல் ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொண்டான், கூறுகெட்ட மனுஷன். மருமகன் கோடி இல்லாமலே பெட்டியை மூடினார்கள். "அவிய வந்து கூப்பிடாம இந்த வாசலைத் தாண்ட மாட்டேன்" என்று அவன் மனைவி ரெனிட்டா, ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அந்த நாளில் ஒவ்வொரு ஜெபக்குமாரும் இரண்டானான். ஒவ்வொருவனும் ஸ்ரீவில்லிபுத்தூரை நோக்கி ஒரு ஸ்டாப் முன்னால் போவானா, பின்னால் போவானா என்பது அவனுக்கே தெரியாது. பஞ்சர் கடையில் ஒருவன், தெற்கே தேவதானத்துத் தோப்பில் தேங்காய் உரிக்க ஒருவன் என்று ரோடெல்லாம் ஜெபக்குமார்கள். "ஜெபக்குமாரெல்லாம் தள்ளி நில்லுங்கப்பா" என்று கண்டக்டர்கள் பழகிக்கொண்டார்கள். கூட்டம் நடுவில்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் எல்லோருக்கும் முன்னால் நிற்பவன் எப்போதும் ஒருத்தன், மிஞ்சினால் இரண்டு பேர்.

பஸ் ஏறியவனிலிருந்து பிரிந்து வந்த வகையில் எவன் முன்னால் நிற்கிறானோ, அவனுக்கு மட்டும் ரெனிட்டா தூக்குவாளியில் சோறு கொடுத்தனுப்பினாள். மில்லுக்குப் போனவன் வகைக்குப் பச்சைத்தண்ணீர்கூடக் கிடையாது. ஆனால் அவள் நம்பியவன் மறுவருஷம் இரண்டாகி, இரண்டு பேருமே பின்னால் நடந்தார்கள். பின்னால் யார் கண்ணிலும் படாமல் நின்ற வேறொருவன் வகை, நாலைந்து வருஷத்தில் முன்னால் வந்தது. நடந்தால் பத்து நிமிஷத்தில் பிடித்துவிடலாம் என்கிற தூரத்தில் ஒருவன் நின்ற வருஷமும் உண்டு. இவள் போகவில்லை. அவ்வளவு வீம்பு! அவளுக்கு முன்தலை நரைத்துப்போனது.

இந்த வருஷம் அதே நாளில் ஒருவன் வந்து கதவைத் தட்டினான். கோடி மஞ்சளித்திருந்தது.

"பஸ் ஏறின ஆளா நீங்க?"

"இல்ல ரெனிட்டா. நான் மில்லுக்குப் போன ஆளு. தறி முன்னால நின்னு அழுதேன்."

அவள் கோடியை வாங்கி முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். "அம்புட்டுப் பேரும் நீங்கதான? யார்கிட்டயாவது நானே நடந்து வந்திருக்கலாமே."

"வந்திருக்கலாம்" என்றான்.

கல்லறைக்குப் போய் இருவரும் கோடியைப் போர்த்தினார்கள். பிறகு ராஜபாளையம் பஸ் ஏறினார்கள். ஸ்டாப்புக்கு ஸ்டாப் கோடியோடு நின்றவர்களுக்கு ரெனிட்டா ஜன்னல் வழியே கை காட்டினாள். ஒருவனும் பார்க்கவில்லை. எல்லோரும் எதிர்ப்பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.