மூன்று மணிக்குப் பிறகு கூரை

மேகமே இல்லாத நாளிலும் பேட்டரி ஏன் நிரம்ப மறுக்கிறது என்பது ராஸ்லினுக்குப் பிடிபடவில்லை. காலையில் மீட்டர் மளமளவென்று ஏறும். மதியச் சாப்பாடு முடிந்து சற்று நேரம் வரை ஏறும். அப்புறம் யாரோ குழாயைத் திருகி மூடியதுபோல் படுத்துவிடும். அந்த நாட்டில் ஜூன் மாதம் குளிர்காலம், பகல் குறைவுதான். ஆனால் போன ஜூனில் இதே சோலார் பேனல்கள் இதே வெயிலில் பேட்டரியை நிரப்பியிருந்தன.

போன ஜூனில் அவள் கணவன் கிளைவ் நடமாடிக்கொண்டிருந்தான். கைகால்களை ஒவ்வொன்றாக முடக்கிய நோய் இப்போது மூச்சுக்கு வந்துவிட்டது. பகலில் அவ்வப்போதும் இரவெல்லாமும் முகமூடி வழியாக ஓர் இயந்திரம்தான் அவனுக்குக் காற்றைத் தள்ளியது. அவர்களுடைய ஆட்டுப் பண்ணை க்வார்ன் ஊரையும் தாண்டி, மின்கம்பி வராத இடத்தில் இருந்தது. விடிவதற்குள் பேட்டரி தீர்ந்து எச்சரிக்கை மணி அலறும், ராஸ்லின் ஓடிப்போய் ஜெனரேட்டரைக் கிளப்புவாள். ஒருநாள் அது கிளம்பவில்லை. அது உயிர்பெறும்வரை மூச்சூட்டும் ரப்பர் பையைக் கையால் அழுத்தி அழுத்தி அவனுக்கு மூச்சு கொடுத்தாள்.

அவனைப் பார்க்க வந்துபோகும் நர்ஸ் அதைக் கேட்டதும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பேட்டரி விடியும்வரை தாங்க வேண்டும், ஜெனரேட்டர் ஆபத்துக்கு மட்டும்தான், இல்லையென்றால் போர்ட் அகஸ்டா ஆஸ்பத்திரி. கிளைவ் கேட்டதோ ஒன்றே ஒன்று. தன் வீட்டில் சாக வேண்டும்.

எலக்ட்ரீஷியன் கெல்வின் கிளைவோடு ஒரே அணியில் கால்பந்து ஆடியவன். பனி உருகுவதற்குள் வந்து, ஒவ்வொரு பேனலையும் சோதித்து, பத்து மணிக்கு டீ குடித்து, மதியம் சாப்பிட்டதும் வண்டியை எடுத்துவிடுவான். அந்தப் பக்கத்துத் தொழிலாளிகள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். அந்தி சாய்ந்தால் கங்காருக்கள் சாலைக்கு வந்துவிடும். மூன்றாவது தடவை வந்தபோதும் அவனுக்கு ஒரு குறையும் தென்படவில்லை.

"டேய் கிளைவ், உன் பேனலுக்கு ஒரு நோயும் இல்லடா. உன்னவிடத் தெம்பா இருக்கு."

கிளைவ் முகமூடியை விலக்கச் சொல்லிக் கண்காட்டினான். "நீ இருக்கறவரைக்கும் ஒழுங்காத்தான் இருக்கும். நீ போன பெறகுதான் வேலையக் காட்டும்."

கெல்வின் சிரித்தான். ராஸ்லினுக்குச் சிரிப்பு வரவில்லை. அது உண்மைதானே என்று தோன்றியது.

மறுநாள் மூன்று மணி தாண்டியதும் அவளே ஏணி வைத்து ஏறினாள். கிளைவின் கட்டிலை முன்னறைக்கு மாற்றியபோது, அவன் குளிரில் நடுங்கக் கூடாதென்று அங்கே ஒரு விறகடுப்பு வைத்திருந்தார்கள். அதன் தகரப் புகைபோக்கி கூரைக்கு மேல் உயரமாக நின்றது. தாழ்ந்த வெயிலில் அதன் நிழல், ஒரு சாண் அகலத்தில், பேனல்களின் குறுக்கே கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தது. அவனைச் சூடாக வைத்திருந்ததே அவன் மூச்சைத் தின்றுகொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

இறங்கி வந்து கெல்வினுக்குப் போன் செய்தாள். "ரெண்டு மணிக்கு மேல நான் யார் கூரையிலயும் நின்னதே இல்ல, ரோஸ்," என்றான்.

அடுப்பை எடுக்க முடியாது. மின்சாரத்தில் அறையைச் சூடாக்கினால் பேட்டரி இன்னும் சீக்கிரம் தீரும். புகைபோக்கியைக் குட்டையாக்கினால் புகை வீட்டுக்குள் திரும்பும். ஒரு பேனலைக் கழற்றினால் நிழல் அடுத்ததில் விழும். அதனால் கெல்வின் பவர் ஆப்டிமைசர்களை வரவழைத்தான். உள்ளங்கை அளவுப் பெட்டிகள். ஒவ்வொரு பேனலையும் தூக்கி, அடியில் ஒன்றை மாட்டி, பேனலின் வயர்களை அதில் செருகி, பெட்டிகளைக் கோத்தான். ராஸ்லின் கீழிருந்து திருகாணிகளை எடுத்துக் கொடுத்தாள்.

சன்னலோரம் படுத்திருந்த கிளைவ் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் உள்ளே வந்து முகமூடியை விலக்கியதும், "இவ்ளோ பாடு எத்தன நாளுக்கு, ரோஸ்?" என்றான்.

அவள் முகமூடியை மறுபடி பொருத்தினாள். வசந்தத்தில் ஆட்டுக்குட்டிகள் பிறக்கும்போது அவன் இருக்கமாட்டான் என்பது இருவருக்கும் தெரியும்.

அன்று கெல்வின் மதியம் கிளம்பவில்லை. மூன்று மணிக்கு நிழல் வந்து விழுந்தது. இருவரும் மீட்டரைப் பார்த்தார்கள். முள் கொஞ்சம் தாழ்ந்து, அங்கேயே நின்றது. வெயில் இறங்கும்போது பேட்டரி நிறைந்திருந்தது. விடியும்வரை தாங்கியது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, அவன் வீட்டிலேயே இருக்கலாம் என்றாள். ராஸ்லின் தலையாட்டினாள். அவன் கேட்டிருந்தது அதைத்தான், அதற்குமேல் கேட்க எதுவும் இல்லை.

விஷயம் இவ்வளவுதான். முன்பு பேனல்கள் ஒரே வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே அளவு மின்னோட்டம்தான் ஓட முடியும் என்பதால், நிழல் பட்ட ஒன்று முழு வரிசையையும் கீழே இழுத்தது. இப்போது ஒவ்வொன்றின் அடியிலும் உள்ள பெட்டி, அந்தப் பேனல் தரக்கூடியதை வாங்கி, வரிசைக்கு ஏற்ற மின்னோட்டமாக மாற்றி அனுப்புகிறது. நிழல் விழுந்த பேனல் மட்டுமே குறைகிறது, மற்றவை முழுதாகத் தருகின்றன.