எட்டாம் எண் அறை

எங்கள் வீட்டில் இல்லாத அறை, நான் இணையத் தொலைபேசி அமைப்பை நிறுவிய ஆறாம் நாள் முதன்முறையாக அழைத்தது. தனக்கு ஜன்னல் எந்தத் திசையில் வரும் என்று கேட்டது. வடக்கு என்றேன்.

தவறு எங்களுடையதுதான். சோப்புப் பெட்டி அளவுள்ள கணினி ஒன்றில் கட்டற்ற மென்பொருளை ஏற்றி, எட்டு அறைகளிலும் பழைய அலுவலகத் தொலைபேசிகளை வைத்து, ஒன்று முதல் எட்டு வரை எண்கள் கொடுத்திருந்தேன். என் கணவர் சங்கரபாண்டியன் பட்டியலைப் பார்த்தார்.

"எட்டு வேண்டாம். ஏழுக்கு அப்புறம் ஒம்பது போடு."

"கம்ப்யூட்டருக்கு என்னங்க ராசி?"

"அதுக்கு இல்ல. பேசுதவங்களுக்கு இருக்குல்லா?"

மாடியறைக்கு ஒன்பதைக் கொடுத்தேன். எட்டை அழிக்க மறந்துவிட்டேன். எண் இருந்தால் அதற்கோர் அறை இருக்க வேண்டும் என்பது முறை.

இந்த அமைப்பை நான் கட்டியதற்கு ஒரே காரணம் எங்கள் மகள் கோமதி. அப்பாவிடம் சொல்லாமல் வேலையை ஒப்புக்கொண்டு நார்வேக்குப் போனவள். இருவரும் பேசிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவள் என் கைப்பேசிக்கு அழைக்கும்போதெல்லாம் அவர் வேறு அறைக்கு எழுந்து போய்விடுவார். இனி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அவள் அழைத்தால் எல்லா அறைகளிலும் மணி அடிக்கும். அவர் எங்கே போனாலும் அங்கே ஒரு தொலைபேசி இருக்கும். முதலில் எடுக்கிற அறைக்கே அழைப்பு.

முதல் ஞாயிறு எட்டாம் அறை எடுத்துவிட்டது. நாற்பது நிமிடம் பேசியது. அடுத்த ஞாயிறும் அப்படியே. தன் மணி மற்றவற்றுக்கு மூன்று நொடி முன்னதாக அடிக்கும்படி அமைப்புக் கோப்பில் அது ஒரு வரி சேர்த்திருந்தது. மென்பொருளின் உரிமத்தை மறுபடியும் படித்தேன். பயன்படுத்துகிறவர் எவரும் மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தது. அறைகளுக்கு விலக்கு ஏதும் இல்லை.

எட்டை அழைத்தேன்.

"கோமதி எப்படியிருக்கா?"

"எளைச்சுட்டா. ரசப்பொடி தீந்துபோச்சாம். அவங்கப்பாவுக்கு மூட்டு வலி எப்படியிருக்குன்னு கேட்டா. எனக்கு என்ன தெரியும்? விசாரிச்சுச் சொல்லுதேன்னேன்."

"அவர்கிட்டயே போனைக் கொடுத்திடலாமே."

"தாராளமா. வரச் சொல்லுங்க. ஆனா கதவு இல்லாம எப்படி வருவார்?"

அவரிடம் சொன்னேன். நாளிதழை மடித்து வைத்தார்.

"மூட்டு வலியைக் கேட்டாளா?"

"கேட்டாளாம்."

"எட்டுகிட்டயா கேக்கணும்? நான் எங்க போயிட்டேன்?"

சனிக்கிழமை ஆசாரியைக் கூட்டிவந்தார். கூடத்தின் வடக்குச் சுவருக்கு அப்பால் தெரு. ஆசாரி சுவரை அளந்தார்.

"உள்ள தொறக்கணுமா சார், வெளிய தொறக்கணுமா?"

"உள்ள," என்றார் இவர். "தெருவுல போறவங்களுக்கு இடிக்கக் கூடாது."

நிலைக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தேன். சாயங்காலத்துக்குள் கதவு நின்றது.

ஞாயிறு நான்கு மணிக்கு எட்டில் மட்டும் மணி அடித்தது; மற்ற அறைகளின் மணிகளை அது நிறுத்திவைத்திருந்தது. அறை எடுக்கவில்லை. இவர் கதவின் முன் நின்றார்.

"அது எடுக்கும்," என்றார்.

"எடுக்காது."

ஆறு முறை மணி அடித்தும் யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு அறுந்துவிடும். அந்த வரியை எழுதியது நான். நான்காவது மணி அடித்தது. ஐந்தாவதும் அடித்தது. அவர் தாழ்ப்பாளை விலக்கி உள்ளே போனார்.

கதவு ஒருக்களித்திருந்தது. அவர் குரல் கேட்டது.

"ஏட்டி, அப்பன் மூட்டு வலியை ஊர்ல உள்ள சொவத்துகிட்டயா விசாரிப்ப?"

அவர் மெல்லத் தரையில் உட்காருவது தெரிந்தது.

"சரி, அழாத. சாப்ட்டியா?"

நான் கதவைச் சாத்திவிட்டுக் காப்பி போடப் போனேன்.

அரைமணி நேரம் கழித்து அவர் வெளியே வந்தார். மீசையிலும் தோளிலும் வெள்ளைப் பனித்தூள் ஒட்டியிருந்தது. மேல்துண்டால் தட்டிவிட்டுக்கொண்டார்.

"காசிக்குப் போனப்ப வாங்கின மங்கி குல்லா எங்க இருக்கு?"

"பரண்ல. ஒண்ணு போதுமா?"

"மூணு வேணும். எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. எட்டுக்கும் குளிருதாம்."

குல்லா இரண்டுதான் இருந்தது. அதோடு என் சால்வையையும் ரசப்பொடி டப்பாவையும் கொடுத்தேன். சால்வை அறைக்குப் போதுமா என்று கேட்டேன். மூலைகளை மட்டும் மூடினால் போதுமாம் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.