நாலாவது சுற்று

மூன்று சுற்று வரை தெரேசாவின் காரில் பிரேக் நன்றாகப் பிடிக்கும். நாலாவதில் மிதி காலோடு சேர்ந்து தரைவரை போய்விடும். இரண்டாயிரமாம் ஆண்டில் அவளுக்கும் கணவன் ரபாயேலுக்கும் பாதிச் சண்டை இதனால்தான்.

தெரேசா மாத்தளையில் கார் ஓட்டப் பழக்கிக் கொடுப்பவள். தெற்குக் கரையோரத்தில் ஒரு பழைய விமான ஓடுபாதையை மாதத்தில் ஒரு ஞாயிறு கார்ப் பிரியர்களுக்குத் திறந்துவிடுவார்கள். போட்டி கிடையாது, ஆசைதீரச் சுற்றலாம். மோதி நசுங்கிக் கிடந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி ரபாயேல் அதற்காகவே திருத்தியிருந்தான். திருத்துவது அவன், ஓட்டுவது அவள்.

"வளைவுக்கு ரொம்ப முன்னாடியே மிதிச்சு, மிதிச்சபடியே போற. அதான் சூடேறுது," என்பான்.

"பிரேக் ஒயில் கொதிக்குதுங்க. அதுக்கு என் கால் என்ன செய்யும்?"

கடைசியில் இருவர் சொன்னதையும் செய்து பார்த்தார்கள். அவள் தாமதமாக, அழுத்தி, சட்டென்று விட்டுவிடப் பழகினாள். அவன் அதிகச் சூடு தாங்கும் ஒயில் ஊற்றி, முன் பம்பரிலிருந்து சக்கரங்களுக்குக் காற்றுப் போகக் குழாய்கள் பொருத்தி, டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் பேட்களையும் புதிதாகப் போட்டான். புதிய பேட்களைப் பதப்படுத்த வேண்டும். வேகமாகப் போய்த் திரும்பத் திரும்ப அழுத்தி மிதித்துச் சூடாக்கி, பிறகு எங்கும் நிற்காமல் மெதுவாக ஓட்டி ஆறவைக்க வேண்டும். சூட்டோடு மிதித்தபடி நின்றால் பேட், சக்கரத்தோடு சுழலும் டிஸ்கில் ஒட்டித் திட்டு விழும். அப்புறம் மிதிக்கும்போதெல்லாம் கார் நடுங்கும்.

ஒரு நாள் காலை மாத்தளைக்கு வடக்கே, நாலந்தாவைத் தாண்டிய நேர்ப்பாதையில் அதைச் செய்தார்கள். கருகிய நாற்றம் வந்ததும் ரபாயேல், "போதும். இனி மிதிக்காத, அப்படியே உருட்டிக்கிட்டுப் போ," என்றான்.

போர்க்காலம். வளைவில் திரும்பினால், முதல் நாள்வரை இல்லாத ஒரு இராணுவச் சோதனைச் சாவடி. சிப்பாய் கையைக் காட்டினான். தெரேசா கியரைக் குறைத்தாள், மிதியைத் தொடவில்லை. இறக்கம். கார் உருண்டுகொண்டே இருந்தது. சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கினான். அவள் மிதித்தாள்.

முன் சக்கரங்களிலிருந்து புகை கிளம்பியது. காலை எடுக்கக் கூடாது என்றான் சிப்பாய். பிரேக் சூடாகிவிட்டது, நிற்கக் கூடாது என்று அவள் சிங்களத்தில் விளக்கினாள்.

"பிரேக் இருக்கிறது நிற்கத்தானே?" என்றார் சார்ஜன்ட். அடையாள அட்டைகளில் தமிழ் எழுத்தைக் கண்டதும் காரைச் சுற்றி வந்தார். குழாய்கள் எதற்கு என்று கேட்டார். காற்றுக்கு என்றான் ரபாயேல். இரண்டையும் கழற்றிக் காட்டச் சொன்னார். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் போகவிட்டார்கள்.

திரும்பும் வழியில் மிதித்தபோதெல்லாம் ஸ்டியரிங் அவள் கையில் உதறியது.

"இன்னும் கொஞ்சம் உருட்டியிருக்கலாம்," என்றான் ரபாயேல்.

தெரேசா காரை ஓரங்கட்டினாள். "எங்க உருட்ட? அவன் மேலயா?" இறங்கிக் கதவை அறைந்துவிட்டு, வந்த மாத்தளை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

அந்த வாரம் ரபாயேல் திட்டு விழுந்த டிஸ்குகளை லேத் பட்டறையில் கொடுத்துச் சீவி மாட்டினான். குழாய்களையும் திரும்பப் பொருத்தினான். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றான் சாப்பிடும்போது.

"கூடாதுதான். இனி ரோட்டுல பதப்படுத்த மாட்டேன். அங்க போய்த்தான்."

அடுத்த முறை ஓடுபாதையில் காலை முழுவதையும் அதற்கே செலவழித்தாள். ஓட்டி ஆறவைத்த காரை, பேட் ஒட்டிவிடாதபடி ஹேண்ட் பிரேக் இழுக்காமல், சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தினார்கள். மதியம் மறுபடி காரோடு பாதையில் இறங்கினாள். முதல் சுற்று, இரண்டாவது, மூன்றாவது. மிதி இறுக்கமாக நின்றது. ஸ்டியரிங்கில் நடுக்கமே இல்லை. நாலாவதைத் தொடங்கும்போது பாதை நெடுகச் சிவப்புக் கொடிகள் உயர்ந்தன.

வாசலில் இராணுவ லொறிகள். ஓடுபாதை தேவைப்படுகிறது, எல்லாரும் உடனே வெளியேற வேண்டும் என்றார்கள். காரணம் சொல்லவில்லை.

ரபாயேல் ஓடிவந்தான். "எப்படி இருந்துச்சு?"

"மூணு சுத்தும் நல்லா இருந்துச்சு."

"நாலாவது?"

"விட்டாங்களா?" அவள் உள்ளங்கையால் ஸ்டியரிங்கை அடித்தாள்.

அந்த வருடம் ஓடுபாதை மறுபடி திறக்கவில்லை. காரை விற்றுவிடலாமா என்று ரபாயேல் ஒரு தடவை கேட்டான்.

"அந்த ஒரு சுத்து ஓட்டிப் பார்க்காமக் குடுக்க மாட்டேன்," என்று தெரேசா சட்டியை நங்கென்று அடுப்பில் வைத்தாள்.