பெத்லகேமிலிருந்து பார்த்தால்

வால்வுக்காரருக்குப் பார்வை போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரங்களிலிருந்து இருட்டு நெருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் மிஞ்சியது. அதற்கு முன்பு முப்பத்தொரு வருஷம் குடிநீர் இலாகாவில் வேலை பார்த்தவர். விடிந்ததும் நீளமான இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் வால்வைத் திறப்பதும் மூடுவதும்தான் உத்தியோகம். எந்தத் தெரு மேடு, எது பள்ளம், எந்த வீட்டுக்குத் தண்ணீர் கடைசியாக ஏறும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வேலை முடிந்து வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகும் ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மனைவி காலமாகிவிட்டாள். வீட்டில் அவரும் மகனும் மருமகளும்தான். மகன் ஏசி மெக்கானிக். காலையில் போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. மருமகளுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பல் லேப்பில் வேலை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள்; அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை வார்த்து, அதன்மேல் பல் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். மதியம் ஓடி வந்து மாமாவுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு மறுபடி ஓடுவாள். சாயங்காலம் வந்து முகம் கழுவியதும் அவருக்குப் பைபிளில் ஓர் அதிகாரம் வாசிக்க வேண்டும். முதலில் அதைக் கடமைக்குத்தான் செய்தாள். ரயில்வே அறிவிப்பு மாதிரி மூச்சு விடாமல் வாசிப்பாள்.

ஒருநாள் அவர் நடுவில் கையைத் தூக்கினார்.

"நில்லும்மா. திருடன்கிட்ட அடிபட்ட அந்த ஆளு எருசலேம்ல இருந்து எரிகோவுக்கு இறங்கிப் போனான்னு வாசிச்சியே, எவ்வளவு இறக்கம்?"

"இறக்கம்னுதான் இருக்கு மாமா. எவ்வளவுன்னு போடல."

"போன வாரம் கலிலேயாவுல இருந்து எருசலேமுக்கு ஏறிப் போனாங்கன்னு வாசிச்சே. கலிலேயா வடக்க இருக்கு. படத்துல மேல. மேல இருந்து கீழ வர்றவன் எப்படி ஏறுவான்?"

"பின்னாடி மேப் இருக்கு மாமா, பார்த்துச் சொல்றேன். இப்ப அடுப்புல பால் இருக்கு."

"போய்ப் பாலைப் பாரு. அடிபட்டவன் அதுவரைக்கும் அங்கேயே கிடக்கட்டும்."

பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து பைபிளின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். வழவழப்பான தாளில் ஆறு படங்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த பைபிள். அந்தப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இடது பக்கம் நீலமாகக் கடல், நடுவில் ஓர் ஆறு, ஆறு போய் விழுகிற ஏரி, சுற்றிலும் புள்ளிகள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புள்ளி எங்க இருக்குன்னு சொல்றே. மேடு பள்ளம் சொல்ல மாட்டேங்கிறியே" என்றார். படத்தில் அது இல்லை. எருசலேமும் எரிகோவும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி ஒரே மட்டத்தில் இருந்தன.

மறுநாள் லேப்பில் ஒரு கீழ்த்தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பல்லுக்குப் பல் எங்கே உயரம், எங்கே குழி என்று கட்டைவிரல் தானாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வேலைக்குக் கண் பாதி, விரல் பாதி. கை அப்படியே நின்றது. மாமாவுக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை, செய்து கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

போனில் அந்தத் தேசத்தின் உயரங்களைக் கோடு கோடாகக் காட்டும் படத்தைத் தேடி எடுத்தாள். லேப்பில் இளஞ்சிவப்பு மெழுகுத் தகடுகள் உண்டு. நூறு மீட்டருக்கு ஒரு தகடு என்று கணக்கு வைத்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் மிச்சம் பிடித்த பத்துப் பதினைந்து நிமிஷத்தில் ஒவ்வொன்றாக வெட்டி அடுக்கினாள். கடல்தானே எல்லாவற்றுக்கும் கீழே என்று நினைத்து அதையே அடித்தட்டாக வைத்திருந்தாள். ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, யோர்தான் ஆறு போய் விழுகிற ஏரியான உப்புக்கடல் அந்தக் கடலுக்கும் நானூறு மீட்டருக்குமேல் கீழே கிடக்கிறது என்று. அடுக்கியதையெல்லாம் பிய்த்துப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

லேப் முதலாளியம்மா கணக்காகப் பிளாஸ்டர் அளந்து கொடுக்கிறவர். ஒருநாள் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இது யாரோட தாடை? இவ்வளவு பெருசா?"

"தாடை இல்ல மேடம். இஸ்ரவேல் தேசம். எங்க மாமாவுக்கு."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "நடுவுல இப்படிப் பல்லு விழுந்த மாதிரி குழி இருக்கே."

"அது அப்படித்தான் மேடம்."

அவர் தன் அறைக்குப் போய்விட்டார். சாயங்காலம் கிளம்பும்போது மேஜைக்கடியில் இரண்டு பிளாஸ்டர் மூட்டைகள் இருந்தன. தேதி முடிந்துபோனது, டாக்டருக்கு அனுப்ப முடியாது, தூக்கித்தான் போட வேண்டும் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். தேதி முடிய இன்னும் நாலு மாசம் இருந்ததை மருமகள் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மெழுகை அச்செடுத்துப் பிளாஸ்டரில் வார்த்து முடித்ததும் ஒன்பது கிலோ இருந்தது. மகன் பைக்கில் வைத்து, தூங்குகிற குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி மெதுவாகக் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு, மேஜையைத் துடைத்து, அவர் முன்னால் வைத்தார்கள்.

"கையைக் கொடுங்க மாமா. இது கடற்கரை. இப்படியே கிழக்க வாங்க."

அவர் விரல்கள் சமவெளியில் நடந்து, மேட்டில் ஏறி, உச்சியில் எதிலோ இடறின.

"இது என்னம்மா, பல்லு மாதிரி இருக்கு?"

"பல்லுதான் மாமா. ஊருக்கு ஒண்ணு பதிச்சிருக்கேன். லேப்ல மிஞ்சினது. கடைவாய்ப்பல்லு எருசலேம். அதுக்குக் கீழ முன்பல்லு பெத்லகேம்."

மகனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. கடைவாய்ப்பல்லிலிருந்து கிழக்கே விரலை நகர்த்தினார். விரல் இறங்கியது, இன்னும் இறங்கியது. அடியில் எரிகோவின் பல் தட்டுப்பட்டபோது அவர் முகம் மாறியது.

"ஆயிரம் மீட்டர் இறக்கம் மாமா. தூரம் இருபத்தஞ்சு கிலோமீட்டர்தான்."

"அடேயப்பா. இந்த இறக்கத்துல குழாய் போட்டா கீழ வால்வு நிக்காது, தெறிச்சிடும்." திரும்பவும் மேலேயிருந்து கீழே ஒருமுறை போனார். பாதி வழியில் ஒரு மடிப்பில் விரலை வைத்தார். "திருடன் இங்கதான் நின்னிருப்பான். மேல இருந்து பார்த்தா தெரியாது, கீழ இருந்தும் தெரியாது. வழியில வந்த அந்தச் சமாரியன் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக் கழுதையில ஏத்திட்டு இந்த இறக்கத்துலயோ ஏத்தத்துலயோ பக்கத்துலயே நடந்திருக்கான் பாரு. சும்மா உதவி பண்ணினான்னு சொல்லிட்டுப் போயிடறோம்."

அதற்குப் பிறகு வாசிப்பு மெதுவாகிவிட்டது. ஓர் அதிகாரத்துக்கு ஒரு மணி நேரம். ஊர்ப் பெயர் வந்தால் அவர் விரல் அங்கே போய்ச் சேரும்வரை அவள் நிறுத்த வேண்டும். பெயரைக் கண்டதும் அவளே நிறுத்த ஆரம்பித்தாள். கலிலேயாவிலிருந்து வருகிறவர்களும் எருசலேமுக்கு ஏன் ஏறித்தான் போக வேண்டும் என்பது அவர் விரலுக்குத் தெரிந்துவிட்டது. சில நாள் லேப்பில் இருக்கும்போதே அவளுக்குள் கேள்வி வரும். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பாள். "மாமா, நாசரேத்துல இருந்து பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிட்டு பெத்லகேமுக்கு எந்த வழியா வந்திருப்பாங்க? மலை வழியாவா, ஆத்தோரமாவா?" மகன் வந்து பார்க்கும்போது இரண்டு பேரும் மேஜையில் குனிந்தபடி, கர்ப்பிணிக்கு ஏற்றம் ஆகாது, ஆற்றோரம் போனாலும் கடைசியில் எரிகோவிலிருந்து ஏறித்தானே ஆக வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

ரூத்தின் கதைக்கு வந்தபோது மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. பெத்லகேமில் பஞ்சம் வந்து நகோமி குடும்பத்தோடு மோவாப் தேசத்துக்குப் போகிறாள். அங்கே கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துத் திரும்புகிறாள். மோவாபில் பிறந்த மருமகள் ரூத், பிறந்த ஊரை விட்டு மாமியாரோடு வந்துவிடுகிறாள். ரூத் பெத்லகேம் வயலில் கதிர் பொறுக்குகிற இடம் வரை மருமகள் வாசித்திருந்தாள்.

அவர் இடது கை விரல் பெத்லகேமில் இருந்தது. வலது கை உப்புக்கடலைத் தாண்டி, எதிர்க்கரை மலை விளிம்பில் ஏறி நின்றது. இரண்டுக்கும் நடுவில் அரைச் சாண் தூரம்.

"மோவாபு இதுதானே?"

"ஆமா மாமா."

"இவ்வளவு கிட்டவா? நான் எங்கேயோ தூர தேசம்னுல்ல நினைச்சிட்டிருந்தேன். உன்கிட்ட நேரான கம்பி ஏதாவது இருக்கா?"

பல் வரிசை கட்டுகிற கம்பி அவள் பையில் எப்போதும் கிடக்கும். ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். அவர் ஒரு முனையைப் பெத்லகேமிலும் மறு முனையை மோவாப் மலையிலும் வைத்து, கம்பிக்கு அடியில் சுண்டுவிரலை விட்டு ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓட்டினார். எங்கேயும் இடிக்கவில்லை. நடுவில் தரை சரிந்துகொண்டே போய்க் கடலில் விழுந்து, எதிரே மறுபடி எழும்பியது.

"ஒண்ணும் மறைக்கலியேம்மா."

"என்ன மாமா?"

"கதிர் பொறுக்குறவ முதுகு வலிக்குதுன்னு நிமிர்ந்திருப்பால்ல. நிமிர்ந்தா எதுக்க அவ ஊரு மலை. மேகம் இல்லாத நாள்ல தினம் தெரிஞ்சிருக்கும். கூடவே அவங்க அம்மா வீடும் அங்கதான் எங்கேயோ இருக்கும்."

மருமகள் பக்கத்தைப் பார்த்தாள். "அவளே வேணும்னுதான மாமா வந்தா. திரும்பிப் போக மாட்டேன்னு மாமியார்கிட்ட எவ்வளவு உறுதியா சொன்னா."

"போக மாட்டேன்னுதான் சொன்னா. பார்க்க மாட்டேன்னு சொல்லலியே."

வெளியே மழை வலுத்தது. அவர் கம்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க அம்மா ஊருக்கு ரயில்ல எவ்வளவு நேரம்?"

"ஒன்பது மணி நேரம்."

"நீ போய் எத்தனை வருஷம் ஆச்சு?"

"லீவு கிடைக்கல மாமா. அடுத்த மாசம் போகலாம்னு இருக்கேன்."

"அடுத்த மாசம்னு நீ அம்மாகிட்ட போன்ல சொல்றது எனக்குக் கேக்குதும்மா. கண்ணுதான் போச்சு. மூணு வருஷமா அதே அடுத்த மாசம்." கம்பியை மேஜையில் வைத்தார். "நடுவுல கிடக்கிற உப்புக்கடல் நான்தான்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது; எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தம் நிற்கும்வரை அவர் காத்திருந்தார். வந்ததும், "நான் அப்படி ஒருநாளும் நினைச்சதில்ல மாமா" என்றாள்.

"நினைக்கலன்னு எனக்குத் தெரியாதா? அதனாலதான் நான் நினைக்க வேண்டியிருக்கு."

அடுத்த நாலைந்து நாள் வீட்டில் இதே வழக்குதான். மதியச் சாப்பாட்டை மகன் வாங்கி வைத்தால் போதும், தனியாக இருந்துகொள்வேன் என்றார் அவர். குளியலறையில் வழுக்கி விழுந்தது மறந்துபோச்சா என்றாள் அவள். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றார். வந்த ஆளை ஒரே நாளில் ஓட வைத்தது யார் என்றாள். கடைசியில் மகன்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கி, "அப்பாவும் கூடப் போனா என்ன? அவருக்குக் கால் நல்லாத்தானே இருக்கு" என்றான். இரண்டு பேருமே அதை யோசிக்கவில்லை. வால்வுக்காரர் சம்பந்தி வீட்டுக்குப் போய்த் தங்குவதா என்று கொஞ்சம் பிகு செய்துகொண்டார். அன்றைக்கே சட்டைகளை இஸ்திரிக்குப் போடச் சொன்னார்.

காலை ரயிலில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தாள். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடம், அப்பா இறந்த வருஷம், தங்கை இல்லாத குறை என்று கல்யாணமான ஆறு வருஷத்தில் சொல்லாததையெல்லாம் சொன்னாள். அவர் ஊம் கொட்டிக்கொண்டு வந்தார். சில இடத்தில் மட்டும், "நில்லு, அது எப்ப?" என்று கேட்டார்.

அம்மா ஆட்டோ நிற்கிற இடத்துக்கே வந்து நின்றிருந்தாள். மகளைப் பார்த்ததும் முதலில் திட்டினாள். இளைத்துப்போனதற்கு, முன்னாலேயே சொல்லாமல் ரயில் ஏறியபிறகு போன் செய்ததற்கு, முடி கொட்டியதற்கு. திட்டிக்கொண்டே ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சம்பந்தியின் கையைப் பிடித்து வாசல் படி ஏற்றினாள்.

மறுநாள் மதியம் சாப்பிட்டதும் மருமகள் அம்மாவின் கட்டிலில் சும்மா சாய்ந்தவள் தூங்கிப்போனாள். நாலு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று. கூடத்தில் பெரியவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இவ்வளவு நேரம் தூங்குறாளே, எழுப்பட்டுமா சம்பந்தி?" என்று அம்மா தாழ்ந்த குரலில் கேட்டாள். "உங்களுக்குக் காபி அவ கையால போட்டாத்தான் பிடிக்கும்னு சொன்னா."

"அப்படியா சொன்னா? அவ போடுறது சுமார்தான் சம்பந்தியம்மா. நீங்களே போடுங்க. அவ தூங்கட்டும்."

அம்மா சிரித்துக்கொண்டே எழுந்து, சத்தம் வராமல் அறைக் கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள். இரண்டு நாள் என்று வந்தவர்கள் ஒன்பது நாள் இருந்தார்கள்.